திருப்புளி ஒட்டாத காந்தம்

பழைய ஸ்பீக்கரில் என்ன காந்தம் என்று கண்டுபிடிக்கப் பெரிய வித்தை வேண்டாம். பின்பக்கம் கறுப்பாக, அகலமாக, அதிரசம் போல இருந்தால் ஃபெரைட். திருப்புளியைக் கிட்டே கொண்டுபோனாலே டபக்கென்று பிடித்துக்கொள்ளும். சின்ன இரும்புக் கிண்ணம் போல இருந்தால் உள்ளே அல்நிகோ என்கிற பழைய வகைக் காந்தம். அதன் இழுவையெல்லாம் கிண்ணத்துக்குள்ளேயே அடங்கிக் கிடக்கும்; வெளியே திருப்புளி ஒட்டாது. காந்தத்தைக் கிண்ணத்திலிருந்து எடுத்துவிட்டால் அந்த நிமிஷமே பாதிச் சக்தி போய்விடும். இதையெல்லாம் இன்று ஒப்பிக்கிறேன். எழுபதுகளின் கடைசியில், மதுரை வில்லாபுரத்தில் ரேடியோ ரிப்பேர் கடை போட்ட புதிதில், ஃபெரைட்டைத் தவிர ஒன்றும் தெரியாது. வாய் மட்டும் இருந்தது.

அப்போதுதான் பேரையூரிலிருந்து அக்கா வந்தாள். மச்சான் இறந்து மூன்று மாதம். அவருடைய வால்வு ரேடியோவை அவருடைய வேட்டியிலேயே சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்திருந்தாள். சாவு வீட்டில் அவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. மாட்டுக்குத் தண்ணி வைத்தாயிற்றா என்று கேட்டாள். கல்நெஞ்சுக்காரி என்றது ஊர். நானும்தான் சொன்னேன்.

“கரகரங்குது தம்பி. அத மட்டும் எடுத்துரு. சாயங்காலம் அவுக கேப்பாகள்ல, அந்தச் சத்தம் மாறிறக் கூடாது.”

“இம்புட்டுதானக்கா? விட்டுட்டுப் போ.”

ஸ்பீக்கரின் முதுகில் திருப்புளியை வைத்தேன். நழுவி விழுந்தது. காந்தம் செத்துவிட்டது என்று முடிவு கட்டினேன். உள்ளே விழுந்திருந்த துருவை ஊதி எடுத்திருந்தாலே போதும். என் கை சும்மா இருக்குமா? கிண்ணத்தைக் கழற்றி, காந்தத்தை வெளியே எடுத்து, பளபளவென்று துடைத்து மாட்டினேன். அதன்பிறகு வந்த சத்தம் சீக்காளி முனகுவது போல இருந்தது. மறுபடி காந்தம் ஏற்றித் தர எனக்குத் தெரிந்து மதுரையில் ஆள் இல்லை. புது ஃபெரைட் ஸ்பீக்கரைப் பூட்டிவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.

மறுவாரம் அக்கா வந்தாள். போட்டுக் காட்டினேன். நாதஸ்வரம் கணீரென்று கேட்டது. காதை ஒட்டி வைத்துக் கேட்டாள்.

“என்னக்கா, நல்லா இல்லையா?”

“நல்லாத்தான் இருக்கு. வேற யாரு வீட்லயோ பாடுற மாதிரி இருக்கு.”

அதற்குமேல் மறைக்க முடியவில்லை. பழைய ஸ்பீக்கரை எடுத்து மேசையில் வைத்து, செய்ததைச் சொன்னேன்.

“பழையபடி ஆக்க முடியாதா தம்பி?”

“முடியாதுக்கா.”

ரேடியோ சுற்றி வந்த மச்சானின் வேட்டியை எடுத்து வாயில் பொத்திக்கொண்டு அழுதாள். ரோட்டில் போனவர்கள் நின்று பார்க்கும்படி அழுதாள். சாவு வீட்டில் அழாத அழுகை எல்லாம் அதில் இருந்தது. கல்நெஞ்சுக்காரி என்று சொன்ன என் வாயைக் கிழித்துக்கொள்ளலாம் போலிருந்தது. கிட்டே போய் அவள் தோளைத் தொடக்கூட எனக்குத் தைரியம் வரவில்லை.

அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். என்னை ஒரு சொல் திட்டவில்லை.

“ரேடியோவ நீயே வச்சுக்க. நான் வாரேன்.”

வேட்டியை மட்டும் மடித்து எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள்.