பூட்டிய சிங்கம்

கரமனை வீட்டுக் கூடத்தில் அப்பாவும் என் மகள் மீனுவும் என் செல்போனும் இருந்தார்கள். மனைவி வேலைக்குப் போயிருந்தாள். நான் வாசலில் வந்து நின்றதை யாரும் கவனிக்கவில்லை.

குழந்தைகளுக்கு மிருகங்களைக் காட்டும் ஒரு வலைத்தளம். மீனு யானையைத் தொட்டாள், அது பிளிறியது. அப்பா கையைத் தும்பிக்கையாகத் தூக்கி அதைவிடச் சத்தமாகப் பிளிறினார்.

எனக்கு மூன்றாம் வகுப்பு ஞாபகம் வந்துவிட்டது. அப்பா அப்போது சாலைக் கடைத்தெருவில் மிளகாய் மூட்டை சுமந்தார். அவர் சட்டையைக் கழற்றினால் வீடே தும்மும். மிருகக்காட்சி சாலைக்குக் கூட்டிப்போகப் பள்ளியில் நாற்பது ரூபாய் கேட்டார்கள்.

"மிருகம் எங்கயும் ஓடிப் போகாதுலே. பொறவு பாக்கலாம்" என்றவர் அப்படியே உறங்கிப்போனார்.

மற்றவர்கள் போய்வந்த மறுநாள் வகுப்பே சிங்கமாக உறுமியது. நான் மட்டும் சும்மா இருந்தேன். அந்தப் 'பொறவு' வரவேயில்லை.

இந்த மனுஷருக்குப் பிளிறத் தெரியும் என்பதே எனக்கு இன்றுதான் தெரியும். நான்கு வயது மகள்மேல் பொறாமைப்படுவது வெட்கக்கேடு. ஆனாலும் பட்டேன்.

மீனு சிங்கத்தைத் தொட்டாள். பணம் கட்டச் சொல்லி ஒரு பூட்டுப் படம் வந்தது. வாசிக்கத் தெரியாத அப்பா அதைக் கூண்டின் பூட்டு என்றே நினைத்துவிட்டார். அப்போதுதான் என்னைப் பார்த்தார்.

"சிங்கத்தப் பூட்டிப் போட்டிருக்கான். பிள்ள கேக்குல்லா, தொறந்து குடுலே."

"ரூவா கேக்கான்ப்பா."

"கேட்டா குடுக்கணும். பிள்ள ஏங்கிப் போவும்."

எவ்வளவு என்றுகூடக் கேட்காமல் மடியை அவிழ்த்து ஒரு நோட்டை நீட்டினார்.

ஐநூறு ரூபாய்.