கறுப்புக் காரின் பின்கண்ணாடி

புதுக்கோட்டையில் அறந்தாங்கி ரோட்டில் எனக்கு ஒரு ஷெட் இருக்கிறது. கார், வேன் கண்ணாடி மாற்றுவேன். இருபது வருஷத்துக்கு மேலாக இதே வேலை. நான் மாட்டியதில் ஒரே ஒரு கண்ணாடிதான் கழன்று ரோட்டில் விழுந்தது. அது ஏன் விழுந்தது என்று அன்றைக்கே எனக்குத் தெரியும். சொல்லவில்லை.

அது கறுப்புக் கார். வெளிநாட்டில் வேலை பார்க்கும் ஒருவர் லீவில் வந்தபோது வாங்கியது. பார்க்க மற்றக் கார் மாதிரித்தான் இருக்கும். என்ஜின் வேறு. கொஞ்சம் மிதித்தால் முதுகு சீட்டில் ஒட்டிக்கொள்ளும். ஓனர் வருஷத்தில் ஒரு மாசம் ஓட்டுவார். மிச்ச மாசமெல்லாம் அறந்தாங்கிப் பக்கம் அவர் வீட்டில் நிற்கும். அவருடைய தாயாரைக் கோயிலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் கூட்டிப்போக ஒரு டிரைவர் வைத்திருந்தார்.

டிரைவர் தம்பிக்கு முப்பத்தைந்து வயசு இருக்கும். சவூதியில் ஒன்பது வருஷம் வீட்டு டிரைவராக இருந்தவன். திரும்பி வந்த அன்றைக்கு மகள் அவனைப் பார்த்து, "அம்மா, யாரோ மாமா வந்துருக்காக" என்றதாம். அதோடு பாஸ்போர்ட்டைப் பெட்டிக்கு அடியில் போட்டுவிட்டான். இந்த வேலை கிடைத்ததும் இங்கேயே இருந்துவிட்டான்.

முதல் தடவை பின்கண்ணாடி உடைந்தது தேங்காய் விழுந்து. தென்னை மரத்தடியில் வண்டியை நிறுத்தியது இவன்தான். நிழலாக இருக்குமே என்று நிறுத்தியிருக்கிறான்.

வண்டியின் பின்னால் பிளாஸ்டிக் தாள் ஒட்டிக்கொண்டு என் ஷெட்டுக்கு வந்தான். கண்ணாடி திருச்சியில் இல்லை. சென்னையில் சொல்லி வைத்து மூன்று வாரம் கழித்துத்தான் வந்தது. நடுவில் நாலு தடவை வந்து கேட்டுவிட்டுப் போனான்.

"அண்ணே, இந்தத் தடவ சுத்தமா முடிச்சுக் குடுத்துருங்கண்ணே. இன்னொரு பேச்சு வந்துச்சுன்னா என்னய நிப்பாட்டிருவாக. அப்பறம் நான் மறுபடி ஏரோப்ளேன்தான் ஏறணும்."

"முடிச்சுருவோம்" என்றேன்.

கண்ணாடி வந்த மறுநாள் வெள்ளிக்கிழமை. காலையில் ஏழு மணிக்கே வண்டியைக் கொண்டுவந்துவிட்டான். என்னோடு வேலை பார்ப்பவர் அன்று வரவில்லை. இவனே சட்டையைக் கழற்றிவிட்டுக் கூட நின்றான். டிக்கிச் சந்திலும் சீட்டு இடுக்கிலும் கிடந்த பழைய கண்ணாடித் தூளை எல்லாம் பொறுக்கினான். பின்கண்ணாடி உடைந்தால் கல்கண்டு மாதிரி கொட்டும். ஒரு வாரத்துக்கு எங்கிருந்தாவது வந்துகொண்டே இருக்கும்.

கண்ணாடியை வண்டியோடு பிடித்து வைக்கும் பழைய பேஸ்டைக் கத்தியால் சீவி எடுத்தேன். சுற்றிலும் பிரைமர் அடித்தேன். புதுப் பேஸ்டை ஒரே கோடாக இழுத்தேன். ஒரு பக்கம் நான், ஒரு பக்கம் அவன். கண்ணாடியைத் தூக்கி உட்கார வைத்தோம். பனி படியாமல் இருக்கச் சூட்டுக் கம்பி, ஏரியல் ஒயர் எல்லாம் மாட்டினேன். கண்ணாடி இறங்காமல் இருக்க மேலே நாலு இடத்தில் டேப் ஒட்டினேன். ஒன்பதேகால் ஆனது. நல்ல வேலை. இப்போதும் அதைச் சொல்வேன்.

"சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும் வண்டி அசையக் கூடாது" என்றேன்.

"நிக்கட்டும்ணே. எனக்கு என்ன வேல?" என்று டீ குடிக்கப் போனான்.

அப்போது என் மச்சினன் போன் பண்ணினான். வல்லத்திராக்கோட்டைப் பக்கம் அவர்களுக்குக் கருப்பர் கோயில். அன்றைக்குக் கிடா வெட்டு.

"என்ன மச்சான், கண்ணாடியத் தொடச்சுக்கிட்டே இருக்கீங்களா? இங்கிட்டு ரெண்டு கெடா விழுந்துருச்சு. ஈரல ஒங்களுக்குன்னு எடுத்து வச்சிருக்கேன். பன்னெண்டுக்குப் பந்தி. வரலைன்னா நாய்க்குப் போட்ருவேன்."

"சாயங்காலம் வாரேன்டா."

"சாயங்காலம் வந்து எலும்ப எண்ணவா?"

வைத்துவிட்டான். நான் வண்டியைப் பார்த்தேன். அஞ்சு மணி வரை அதன் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். ஷெட்டுச் சாவியை அவனிடம் கொடுத்துவிட்டோ, ஷெட்டைத் திறந்து போட்டுவிட்டோ போக முடியாது.

அவன் டீ குடித்துவிட்டு வந்தான். கையில் ஒரு பையில் நாலு எலுமிச்சம்பழம். ஓனரின் தாயார் வாங்கச் சொன்னாராம். புதுக் கண்ணாடி, டயரில் பழம் வைத்து ஏற்றித்தான் எடுக்க வேண்டும் என்று.

அதைப் பார்த்ததும் எனக்கு வழி கிடைத்துவிட்டது.

"தம்பி, இன்னைக்கு வெள்ளிக்கெழம. பத்தரைக்கு ராகு காலம். அதுக்குள்ள வண்டிய எடுத்துரு."

"அஞ்சு மணின்னு சொன்னீங்களேண்ணே?"

"வெயில் நல்லா அடிக்குது. காஞ்சுருச்சு."

காயவில்லை. ஒரு மணி நேரத்தில் மேலே தோல் கட்டும். உள்ளே களிமண் மாதிரி இருக்கும். எனக்குத் தெரியாதா?

இதற்கு எங்கள் ஊரில் எல்லோரும் செய்கிற ஒன்று உண்டு. நல்ல நேரத்தில் வண்டியை நாலடி நகர்த்தி ரோட்டோரம் நிறுத்திவிட்டால் போதும். கிளம்பிய கணக்கு. பிறகு எப்போது வேண்டுமானாலும் போகலாம். ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் பையை மட்டும் முன்னாலேயே பக்கத்து வீட்டில் கொண்டுபோய் வைப்பதில்லையா, அது மாதிரி. அவனை அப்படி நாலடி நகர்த்தச் சொல்லியிருந்தால் சாயங்காலம் வரை வண்டி என் ஷெட்டு வாசலிலேயே நின்றிருக்கும். அதனால்தான் சொல்லவில்லை.

அவன் ஓனரின் தாயாருக்குப் போன் போட்டான். "ராகு காலம் வந்துரும்னு கண்ணாடிக்கார அண்ணே சொல்றாகத்தா" என்றான். அந்த அம்மா, "அந்த மனுசனுக்காச்சும் தெரிஞ்சிருக்கே. ஒடனே எடுத்துட்டு வா" என்றது எனக்கே கேட்டது.

டேப் ஒட்டிய வண்டி பார்க்க நன்றாக இல்லை என்றான். உரித்து விட்டேன். நானே என் கையால் உரித்தேன். பழத்தின்மேல் வண்டி ஏறிப் போனது.

எப்போதும் இரண்டு விஷயம் சொல்லி அனுப்புவேன். பேஸ்ட் காயும்வரை ஜன்னல் ஒன்றைக் கொஞ்சம் இறக்கி வையுங்கள். கதவை அடித்துச் சாத்தாதீர்கள். எல்லா ஜன்னலும் மூடியிருக்கும்போது கதவை அடித்தால் உள்ளே இருக்கிற காத்து வெளியே போக வழி தேடும். ஈரப் பேஸ்டில் இருக்கும் கண்ணாடியைத் தள்ளிவிடும். அன்றைக்கு இதையும் சொல்லவில்லை. சொன்னால் காயவில்லை என்று ஆகிவிடும்.

பன்னிரண்டு மணிக்குப் பந்தியில் இருந்தேன். ஈரல் நன்றாக இருந்தது.

இரண்டு மணிக்கு அவன் போன். நான் பாயில் படுத்திருந்தேன்.

"அண்ணே, கண்ணாடி போயிருச்சுண்ணே."

ஆளுக்கு ஒன்றும் இல்லை என்று கேட்டுக்கொண்டேன். மறுநாள் வண்டி வந்தது. நேற்று நாங்கள் பொறுக்கிய இடத்திலெல்லாம் மறுபடியும் கல்கண்டு. டிக்கி மூடியில் நீளமாகக் கீறல்.

அவன் நடந்ததைச் சொன்னான். "ஆத்தா ஆஸ்பத்திரிக்குப் போகணும்னாக. ஜன்னலையெல்லாம் ஏத்தி விட்டு, ஏசி போட்டு ரெடியா நின்னேன். அவுக எப்பவும் கதவ டம்முன்னு சாத்துவாக, பஸ் கண்டக்டர் கெணக்கா. சாத்துனப்பயே பின்னாடி ஒரு சத்தம். டிக்கில ஏதோ உருளுதுன்னு நெனச்சேன். ஒரு மைல் தாண்டி ஸ்பீடு பிரேக்கர்ல ஏறி எறங்குனேன். கண்ணாடி வழுக்கி டிக்கி மேல ஒடஞ்சு, ரோட்டுல போயிருச்சு. அதுவரைக்கும் அறுவதுலதான்ணே வந்தேன்."

அவன் சொல்லச் சொல்ல எனக்கு எல்லாம் விளங்கியது. அவனுக்கு விளங்கவில்லை.

அந்த நேரம் ஓனர் அவனுக்குப் போன் பண்ணினார். ஸ்பீக்கரில் போடச் சொன்னார். என்னிடம் பேச வேண்டுமாம்.

"அண்ணே, நீங்க ரொம்ப வருசமா இந்த வேல பாக்குறீங்க. உண்மையச் சொல்லுங்க. இது ஓடுற வண்டி. பய கையில கெடச்சா சும்மா இருந்திருக்க மாட்டான். வேகமாப் போனா கண்ணாடி பறக்குமா?"

தம்பி என் எதிரில் நின்றான். போனைத் தன் உள்ளங்கையில் வைத்து என் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தான்.

"போகும்" என்றேன்.

அவ்வளவுதான் நான் சொன்னது. ஓனர், "எனக்குத் தெரியும்" என்றார். போன் நின்றது.

அவன் என்னோடு சண்டை போடுவான் என்று நினைத்தேன். அவன் போனைச் சட்டைப் பையில் போட்டான்.

"அறுவதுதான்னு நெனச்சேன்ணே. எறக்கத்துல கூடியிருக்கும் போல. இந்த வண்டியில தெரியவே தெரியாது." பிறகு, "காலையிலேருந்து நின்னு பாத்த வேல. கெடுத்துட்டேன். மனசுல வச்சுக்காதீங்கண்ணே" என்றான்.

என்னிடம் மன்னிப்புக் கேட்டான். நான் தலையை ஆட்டினேன்.

வேலை போயிற்று. வேறு இடத்தில் கேட்டுப் பார்த்தான். அறந்தாங்கியில் டாக்சி ஸ்டாண்டில் கதை பரவிவிட்டது. "வாப்பா ராக்கெட்டு, இன்னைக்கு எதப் பறக்கவிட்ட?" என்பார்களாம். வண்டி வைத்திருப்பவர்கள் சாவி கொடுக்க யோசித்தார்கள். நாலு மாசம் பார்த்தான். மகள் அப்போது அவனை அப்பா என்று கூப்பிடப் பழகியிருந்தாள். பாஸ்போர்ட்டை எடுத்தான். மறுபடி சவூதிக்குப் போகிறபோது எனக்கும் போன் பண்ணிச் சொல்லிவிட்டுத்தான் போனான். "பாத்துப் போயிட்டு வா தம்பி" என்றேன்.

அதன் பிறகு நான் ஒரு வண்டியையும் அஞ்சு மணிக்கு முன்னால் கொடுத்ததில்லை. அதனால் யாருக்கு என்ன?

போன ஆடி மாசம் அவனிடமிருந்து வாட்சப்பில் குரல் பதிவு வந்தது. அவன் ஓட்டுகிற வீட்டு வண்டிக்குப் பின்கண்ணாடி மாற்றினார்களாம்.

"இங்க ஒர்க்‌ஷாப்புல ஒரு நாள் முழுக்க வண்டியத் தர மாட்டேன்னுட்டான்ணே. பேஸ்டு காயணுமாம். கதவ அடிச்சுச் சாத்தக் கூடாதுன்னு தாள் வேற ஒட்டி விட்டுருக்கான். நம்மகிட்ட ஒரு மணி நேரத்துல காஞ்சுருச்சே. அது வேற பேஸ்டாண்ணே?"

குரலில் குத்தல் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டான்.

மூன்று தடவை கேட்டேன். பிறகு விரலால் தட்டி அனுப்பினேன். "அதே பேஸ்டுதான். காயல. தெரிஞ்சேதான் குடுத்தேன்."

பார்த்துவிட்டான் என்று காட்டியது. இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. "சரிண்ணே. எங்க வீட்டுல ஒரு வார்த்த சொல்லிருங்க. நானே சொன்னா எனக்காகச் சொல்ற மாதிரி இருக்கும்."

ஞாயிற்றுக்கிழமை போனேன். அவன் சம்சாரம் வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தது. யாரென்று சொன்னேன். "வாங்கண்ணே" என்று நாற்காலி எடுத்துப் போட்டது. நான் உட்காரவில்லை.

"தம்பி அன்னைக்கு வேகமாப் போகலம்மா."

"அது எனக்குத் தெரியுமே. பைக்கயே நாப்பதுக்கு மேல ஓட்ட மாட்டாக. பின்னாடி சைக்கிள்காரன் பெல் அடிப்பான்."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தது. "அப்பறம் ஏன் நீங்க அப்புடிச் சொன்னீங்க?"

எல்லாம் சொன்னேன். மச்சினன் போன், ராகு காலம், டேப், கதவு. சொல்லி முடிக்க ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. கறிச் சோற்றுக்காக என்பதையும் சொன்னேன். அந்தப் பெண் திட்டவில்லை. கையில் இருந்த ஈரத் துணியை முறுக்கிக்கொண்டே இருந்தது.

"ரெண்டு வருசத்துக்கு எழுதிக் குடுத்துட்டுப் போயிருக்காக. இப்ப நீங்க சொன்னதுக்காக நாளைக்கு வந்துர முடியாது" என்றது. "வந்தா இங்கிட்டுத்தான வேல கேக்கணும்? வண்டிய வெரட்டுறவருன்னு பேரு நிக்குதுல்ல. எங்கிட்டச் சொல்லி என்ன? அத எடுத்து விடுங்க."

அங்கிருந்து நேராக ஓனர் வீட்டுக்குப் போனேன். அந்த அம்மாவிடம் சொன்னேன். "கதவச் சாத்துனது நானு. அவன் ஒரு வார்த்த என்னயச் சொல்லலியேப்பா" என்றது. ஓனருக்குப் போன் போட்டுக் கொடுத்தது. அவரிடமும் சொன்னேன். "அதுக்கு வேற ஆள் போட்டாச்சுண்ணே, இப்ப எதுக்கு" என்றார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

டாக்சி ஸ்டாண்டில் நம்பவில்லை. "எந்தக் கண்ணாடிக்காரனய்யா தன் வேல மேல தப்புன்னு சொல்லுவான்? ராக்கெட்டு அங்கேருந்து ஏதாச்சும் சென்ட்டு கிண்ட்டு அனுப்பி வச்சானா?" என்றார் ஒருவர். மற்றவர்கள் சிரித்தார்கள். மறுவாரமும் போனேன். அதற்கு அடுத்த வாரமும் போனேன். வயசான டிரைவர் ஒருவர் மட்டும் பேஸ்டைப் பற்றிக் கேட்டார். எத்தனை மணி நேரம், ஏன் ஜன்னலை இறக்க வேண்டும் என்றெல்லாம் கேட்டார். சொன்னேன். "அப்ப அந்தப் பய மேல தப்பில்ல" என்று மற்றவர்களைப் பார்த்துச் சொன்னார். அந்த ஸ்டாண்டில் இதுவரை அவர் ஒருவர்தான்.

என் ஷெட்டுக்கு வருகிறவர்களிடம் இப்போது நானாகச் சொல்கிறேன். சிலர் வண்டியை வேறு இடத்துக்குக் கொண்டுபோகிறார்கள். போகட்டும். வாய்ப் பேச்சு எட்டாத இடத்துக்கு எழுத்து எட்டும் என்றுதான் இதை எழுதினேன். தன் பெயரைப் போட வேண்டாம் என்று தம்பி சொன்னான். போடவில்லை. அறந்தாங்கிப் பக்கம் கறுப்புக் காரில் கண்ணாடி பறந்தது என்று கேள்விப்பட்டவர்களுக்கு யாரென்று தெரியும். அவன் அடுத்த வருஷம் வருகிறான். வந்து சாவி கேட்டால் கொடுங்கள்.