மூன்று மணிக்குள் கூட்டி வரச் சொன்னார்கள்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். என் எழுத்து கோடு போட்ட தாளிலும் மேலே ஏறிப் போகும். ஒற்று எங்கே வரும், எங்கே வராது என்பது எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. இந்த மலரைப் படிக்கப்போகிறவர்கள் எல்லாரும் கல்லூரியில் பாடம் நடத்துகிறவர்கள் என்று தெரிந்துதான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். தட்டச்சு செய்கிறவர் பிழைகளைத் திருத்திக்கொள்ளட்டும். விஷயத்தை மட்டும் மாற்ற வேண்டாம்.

தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற சாலையில், கொஞ்சம் உள்ளே தள்ளி, பல்கலைக்கழகத்தின் விருந்தினர் மாளிகை இருக்கிறது. இருபத்தாறு வருடமாக அங்கே உதவியாளராக இருக்கிறேன். சொந்த ஊர் இலத்தூர். அறையைத் திறந்து கொடுப்பது, படுக்கை விரிப்பு மாற்றுவது, கூட்டம் நடந்தால் தேநீர் கொண்டுபோவது, இவைதான் என் வேலை. நான் அதிகம் பேசுகிறவன் இல்லை. தேநீர்த் தட்டோடு உள்ளே போவேன், காலி தம்ளர்களோடு வெளியே வருவேன். அப்படிப் போய் வந்துதான் பல்கலைக்கழகம் என்றால் என்ன என்பதைக் கொஞ்சம் தெரிந்துகொண்டேன்.

பல்கலைக்கழகத்தில் பெரிய முடிவுகளை எடுக்கிற சபைக்கு ஆட்சிக்குழு என்று பெயர். எந்தப் பாடத்தைப் புதிதாகத் தொடங்குவது, யாரை வேலைக்கு எடுப்பது எல்லாம் அங்கேதான் முடிவாகும். மற்ற கூட்டங்கள் பல்கலைக்கழகத்திலேயே நடக்கும். வருடத்தில் ஒன்று மட்டும், ஆனி கடைசியிலோ ஆடி முதலிலோ, எங்கள் மாளிகையில் நடக்கும். அலுவலகத்தில் அதற்கு ஒரு எண் உண்டு. சமையலறையில் நாங்கள் அதைச் சாரல் கூட்டம் என்போம்.

அந்தக் காலத்துச் சாரல் கூட்டத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு மனசு நிறைந்துவிடும். காலையில் சண்டை, மதியம் அருவி, சாயங்காலம் கையெழுத்து. காலையில் மேஜையைத் தட்டிப் பேசுவார்கள். ஒருவர் பேசும்போதே இன்னொருவர் எழுந்து நிற்பார். பத்தரை மணித் தேநீருக்கு நான் போனால் என்னைப் பார்த்ததும் ஒரு நிமிடம் நிறுத்துவார்கள், பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள். ஒரு மணிக்குச் சாப்பாடு. அது முடிந்ததும் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு எல்லாரும் அருவிக்குக் கிளம்புவார்கள். அதில் ஒரு வழக்கம் இருந்தது. காலையில் யார் இரண்டு பேர் அதிகம் சத்தம் போட்டார்களோ, அவர்களை ஒரே காரில் ஏற்றி அனுப்புவார்கள். யார் தொடங்கிய வழக்கமோ தெரியாது. போகும்போது ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு போவார்கள். வரும்போது ஒரே பொட்டலத்தில் கடலை தின்றுகொண்டு வருவார்கள்.

சாயங்காலம் தலை ஈரம் காய்வதற்குள் தீர்மானப் புத்தகத்தை வாசிப்பார்கள். ‘ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது’ என்று ஒவ்வொன்றும் முடியும். எல்லாரும் கையெழுத்துப் போடுவார்கள். மங்குஸ்தான் உரித்த விரலோடு போட்டு, சில பக்கங்களில் ஊதா நிறக் கறை படிந்திருக்கும். கை தூக்கி எண்ணியதை நான் பார்த்ததே இல்லை. அந்த ஒரு வருடம் வரைக்கும்.

ஆட்சிக்குழுவில் நான்கு பேர், ஆசிரியர்களே ஓட்டுப் போட்டு அனுப்புகிறவர்கள். மற்றவர்கள் பதவியால் வருகிறவர்கள், நியமனத்தில் வருகிறவர்கள். அந்த நால்வரில் ஒருவர் தாவரவியல் பேராசிரியை. வாசுதேவநல்லூர்ப் பக்கத்துக்காரர். என்னைவிட மூத்தவர், ஆனாலும் என்னை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார். குடித்த தம்ளரைத் தானே சமையலறைக்குக் கொண்டுவந்து வைப்பார். எங்கள் சமையல் மாஸ்டருக்கு அது பிடிக்காது. “இவியளே எடுத்துட்டு வந்துட்டா நீ எதுக்குலே சம்பளம் வாங்குதே?” என்று என்னைத்தான் ஏசுவார்.

இன்னொருவர் கணிதப் பேராசிரியர். மெலிந்த மனிதர், யாரையும் கடிந்து பேசமாட்டார். என் மகள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த வருடம், எந்தக் கல்லூரியில் என்ன படிப்பு என்று கேட்டுத் தன் கையாலேயே விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்தவர். அவர் முன்னால் நிற்கும்போது என் குரல் இன்னும் பாதியாகிவிடும்.

அந்த வருடம் அரசாங்கத்தில் மேலிடத்திலிருந்து ஒரு கடிதம் வந்திருந்தது. ஆசிரியர்கள் ஓட்டுப் போட்டு அனுப்புகிற நான்கு இடத்தையும் எடுத்துவிட்டு, அவற்றுக்கும் அவர்களே ஆள் நியமிப்பதாக யோசனை. ஆட்சிக்குழு தன் கருத்தை எழுதி அனுப்ப வேண்டும். காலையில் நான் தேநீர் கொண்டுபோனபோது யாரும் பேச்சை நிறுத்தவில்லை.

நியமனத்தில் வந்த ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தார். “சம்பளம் யாரு குடுக்கா? கட்டடம் யாரு கட்டித் தந்தா? பணம் குடுக்கவங்க நாலு பேரை உக்கார வைக்கிறதுல என்ன தப்பு?”

பேராசிரியை எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்தபடியே சொன்னார். “தண்ணி மேக்க மலையில இருந்துதான் சார் வருது. அதுக்காக எந்த வயலுக்கு என்னைக்குப் பாயணும்னு மலையா வந்து சொல்லுது? அதை மடையில நிக்கவன்தான் சொல்லணும்.”

“அணை மதகுச் சாவி பொதுப்பணித்துறை கையிலதாம்மா இருக்கு.”

“சாவி இருக்கட்டும். எங்க வயல்ல என்ன விதைக்கணும்னு சாவிக்காரர் சொல்லக்கூடாது.”

சிலர் சிரித்தார்கள். கூட்டத்துக்குத் தலைமையில் இருந்த துணைவேந்தர் சிரிக்கவில்லை. தன்னாட்சி என்ற சொல்லை அன்றைக்கு இருபது தடவையாவது கேட்டிருப்பேன். ஒருவர் அதை ரொம்பப் பெரிய சொல் என்றார். இன்னொருவர், அப்படி ஒன்றும் இல்லை, நம் வீட்டுச் சாவி நம்மிடம் இருப்பதுதான் என்றார். சாவியிலேயே நின்றது பேச்சு. கணிதப் பேராசிரியர் மட்டும் பென்சிலைச் சீவிக்கொண்டே இருந்தார். ஒவ்வொருவராகக் கேட்டு வந்தபோது, “நானும் அம்மா சொன்னதுதான்” என்றார். அது என் காதில் விழுந்தது.

பேசித் தீராததால், மூன்று மணிக்குக் கை தூக்கி எண்ணிக்கொள்ளலாம் என்று துணைவேந்தர் முடித்தார். அன்றைக்குச் சாப்பிட்டுவிட்டு யாரும் அருவிக்குக் கிளம்பவில்லை. அங்கங்கே இரண்டு பேர், மூன்று பேராக நின்றார்கள். நான் இலை எடுத்துக்கொண்டிருந்தபோது கணிதப் பேராசிரியர் மட்டும் துண்டோடு வெளியே போய் ஆட்டோவில் ஏறுவதைப் பார்த்தேன்.

இரண்டே கால் மணிக்குப் பேராசிரியை சமையலறைக்கு வந்தார்.

“அண்ணாச்சி, கணக்கு சார் குளிக்கப் போயிருக்காருன்னு சொல்லுதாங்க. போனை ரூம்லயே வச்சிட்டுப் போயிட்டாரு. மூணு மணிக்குள்ள நீங்க போய்க் கூட்டிட்டு வந்துருங்க.”

“சரிம்மா.”

“அவரோட சேத்து எங்க பக்கம் ஆறு கை. அவரு இல்லன்னா அஞ்சுக்கு அஞ்சு. அப்படி ஆச்சுன்னா தலைமையில இருக்கவருக்கு இன்னொரு ஓட்டு உண்டு. நாளைக்கு யாரு கேட்டாலும், ஆட்சிக்குழுவே சரின்னு எழுதிக் குடுத்துட்டுதுன்னு காட்டிருவாங்க. அதுக்கப்புறம் எங்களுக்குன்னு ஒரு நாற்காலி கிடையாது. புரியுதா அண்ணாச்சி?”

எனக்குப் புரிந்தது. புரியவில்லை என்று இப்போது சொன்னால் பொய்.

மாஸ்டர் குழம்புச் சட்டியைக் கழுவிக்கொண்டே, “இவனையாம்மா அனுப்புதீய?” என்றார். “இவன் கூப்பிட்டா பக்கத்துல கட்டியிருக்க ஆட்டுக்கே கேக்காது. டிரைவரை அனுப்புங்க.”

“டிரைவர் ஆலங்குளம் போயிருக்காரு, மாஸ்டர். இவரு போவாரு.”

சைக்கிளை எடுத்துக்கொண்டு பேரருவிக்குப் போனேன். நல்ல சீசன். தண்ணீரும் கூட்டமும் நிறைய. இரண்டு இருபத்தைந்துக்கு அவரைக் கண்டுபிடித்துவிட்டேன். எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கிற இடத்தில், பலகையில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். தலையிலிருந்து கால் வரை எண்ணெய். நான் அவருக்கு ஒரு முழம் தள்ளி நின்றேன்.

“சார்” என்றேன். அருவிச் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை.

எண்ணெய் தேய்க்கிறவர் என்னைப் பார்த்து, “ஊறட்டும், கால் மணி நேரம் ஆகும்” என்றார்.

எங்கள் வீடுகளில் எண்ணெய் வைத்து உட்கார்ந்திருக்கிறவரை எழுப்பமாட்டோம். வாசலில் ஆள் வந்து நின்றாலும் குளித்து முடிக்கட்டும் என்போம். அதைத்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இப்போது யோசித்தால், அந்த வழக்கம் எனக்கு வசதியாக இருந்தது. தோளைத் தொட்டு, ‘சார், எந்திரிங்க, அங்கன உங்களுக்காகக் காத்திருக்காங்க’ என்று சொல்ல இரண்டு நொடி போதும். அவ்வளவு பெரிய படிப்புப் படித்தவரை, வெற்று உடம்போடு இருக்கிறவரை, கூட்டத்தில் நான் தொட்டு எழுப்புவதா என்று கை வரவில்லை.

இரண்டே முக்காலுக்கு அவர் எழுந்து வரிசையில் நின்றார். என் பக்கம் முகம் திரும்பியது போல இருந்தது. கண்ணாடி இல்லாமல் அவருக்குக் கண் அவ்வளவாகத் தெரியாது என்றும் எனக்குத் தெரியும். வரிசை நகர்ந்தது. அருவிக்குள் போனார். மற்றவர்கள் நனைந்துவிட்டு வெளியே வர, அவர் பாறையோடு ஒட்டி நின்றுகொண்டே இருந்தார். போலீஸ்காரர் விசில் ஊதிய பிறகுதான் வெளியே வந்தார். மணி மூன்று பத்து. துண்டை நீட்டினேன்.

“நீயா? எப்ப வந்த?”

“இப்பத்தான் சார்.”

“என்ன, கூப்பிட்டாங்களா?”

“ஆமா சார். மூணு மணிக்குன்னு அம்மா சொன்னாங்க.”

“மூணு ஆயிருக்குமே” என்றார். தலையைத் துவட்டினார். நிதானமாகச் சட்டை போட்டார். திரும்பும் வழியில் ஒரு கடையில் நின்று மங்குஸ்தான் வாங்கினார். ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்து, கெட்டியானதைத் திருப்பி வைத்து, ஒரு கிலோ. நான் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

நாங்கள் வந்தபோது கை தூக்கி எண்ணி முடித்திருந்தார்கள். ஐந்துக்கு ஐந்து. துணைவேந்தர் தன் இன்னொரு ஓட்டையும் போட்டிருந்தார். கடிதத்தில் கண்ட யோசனை ஏற்கப்பட்டது என்று அலுவலகக் கண்காணிப்பாளர் தீர்மானப் புத்தகத்தில் எழுதிக்கொண்டிருந்தார். பேராசிரியை படியில் நின்றிருந்தார். என்னைப் பார்த்து, “பரவால்ல அண்ணாச்சி” என்றார். கணிதப் பேராசிரியரிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவர் பழப்பையை மேஜையில் வைத்தார். யாரும் எடுக்கவில்லை.

அன்று சாயங்காலம் புத்தகத்தை வாசித்தபோது அவர் ஒருவர் தலைதான் ஈரமாக இருந்தது. பேராசிரியை தன் கையெழுத்துக்குக் கீழே ‘நான் ஏற்கவில்லை’ என்று எழுதினார். அந்தப் புத்தகத்தில் அப்படி ஒரு வரியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

மறு வருடம் சாரல் கூட்டம் நடக்கவில்லை. அதற்கடுத்த வருடமும் நடக்கவில்லை. இப்போது கூட்டம் சென்னையில் நடக்கிறது, பாதிப் பேர் கணினித் திரையிலேயே வந்து போகிறார்கள் என்று சொல்கிறார்கள். எங்கள் மாளிகைக்குக் குளிர்சாதனம் வந்தது, நல்ல நாற்காலிகள் வந்தன. சீசனுக்கு அதிகாரிகள் குடும்பத்தோடு வருகிறார்கள். நல்லவர்கள்தான். தம்ளர்கள் அதிகம் கழுவ வேண்டியதில்லை. ஆனாலும் ஆடி மாதம் பத்தரை மணிக்குத் தட்டைக் கையில் எடுக்கும்போது, அந்தப் பெரிய அறையிலிருந்து மேஜை தட்டுகிற சத்தம் வராதா என்று இருக்கும். படித்தவர்கள் ஒருவரை ஒருவர் எதிர்த்துப் பேசிவிட்டு, ஒரே சோப்பைக் கை மாற்றிக் குளித்ததை நான் பார்த்திருக்கிறேன். அதற்குப் பிறகு எங்கேயும் பார்க்கவில்லை.

இத்தனை வருடமும், அது நின்றுபோனதற்கு என் வாய்தான் காரணம் என்று நினைத்திருந்தேன். வீட்டில்கூடச் சொன்னதில்லை. பேராசிரியை நடுவில் இரண்டு தடவை மாளிகைக்கு வந்தபோது, நான் பின்கட்டில் வேலை இருப்பதாகப் போய்விட்டேன்.

இந்த ஆடியில் அவர் மறுபடி வந்தார். ஓய்வு பெற்றுத் தென்காசியில் இருக்கிறார். அந்த நான்கு இடத்தைத் திரும்பக் கேட்டு ஆசிரியர்கள் மனுக் கொடுக்கப்போவதாகவும், அதோடு ஒரு மலர் போடுவதாகவும் சொன்னார். “சாரல் கூட்டம் எப்படி நடந்துச்சுன்னு உங்களை விட யாரு அண்ணாச்சி பாத்திருக்கா? நாலு பக்கம் எழுதிக் குடுங்க” என்றார்.

அப்போதுதான் சொன்னேன். இரண்டு இருபத்தைந்துக்கே அவரைப் பார்த்ததை, ஒரு முழம் தள்ளி நின்றதை, இப்பத்தான் வந்தேன் என்று பொய் சொன்னதை.

அவர் முழுவதையும் கேட்டுக்கொண்டார். பிறகு, “அன்னைக்கு யாருமே குளிக்கப் போகலையே அண்ணாச்சி” என்றார். “அவரு ஒருத்தர்தான போனாரு. வரணும்னு நினைச்சவரு போனை ரூம்ல வச்சிட்டா போவாரு? அவரு மேல கோபமும் இல்ல. ரெண்டு வருஷத்துல ஓய்வு, மகனுக்கு ஒரு வேலை, என்ன பயமோ. போய்ச் சேந்துட்டாரு, பாவம். நீங்க ஏன் இதை இத்தனை வருஷம் தூக்கிட்டு அலையுதீய?”

ஆறுதலுக்குச் சொன்னார். எனக்கு ஆறவில்லை. அவர் சொன்னது சரியாகவே இருக்கட்டும். நான் தொட்டுக் கூப்பிட்டிருந்தால், ‘வரமாட்டேன்’ என்று அவர் வாயால் ஒரு சொல் சொல்லியிருக்க வேண்டும். சொல்ல முடியாமல் எழுந்து வந்திருக்கவும் கூடும். என் மகளுக்காக அவ்வளவு நேரம் உட்கார்ந்து விண்ணப்பம் நிரப்பிய மனிதர், என் முகத்தைப் பார்த்து அதைச் சொல்லியிருப்பாரா என்பது எனக்குத் தெரியாது. அது தெரியாமல் போனதற்கு நான் பொறுப்பு.

“இதையும் எழுதலாமாம்மா?” என்று கேட்டேன்.

“எழுதுங்க. யாரு பேரும் போட வேண்டாம். அவரு பேரும் வேண்டாம், எம் பேரும் வேண்டாம்.”

தீர்மானப் புத்தகத்தில் அந்த நாளுக்கு ‘ஒரு உறுப்பினர் அவையில் இல்லை’ என்று மட்டும் இருக்கிறதாம். அவர் சொன்னார். அந்த வரியோடு இதையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அந்த உறுப்பினரைக் கூட்டி வர ஆள் அனுப்பினார்கள். நேரம் இருக்கும்போதே அனுப்பினார்கள். போன ஆள் நான்தான். பக்கத்தில் நின்றும் கூப்பிடவில்லை.

ஆவணி மூன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை.