வேண்டிக்கொண்டவர்தான் குனிய வேண்டும்

ஜிம் டிரெய்னருக்கு முதுகு பிடித்துக்கொண்டால் அனுதாபம் கிடைக்காது. பல் டாக்டருக்குப் பல்வலி வந்த மாதிரி எல்லோரும் சிரிப்பார்கள். திருப்பதியில் ஒரு பெண்கள் ஜிம்மில் காலை பேட்ச் என்னுடையது. "இந்த வயசுல எனுக்கு எதுக்குமா இதெல்லாம்" என்று நழுவிய பெண்களையெல்லாம் ஒவ்வொருவராகப் பேசிப் பேசி நானே சேர்த்த கூட்டம். முதுகு போனபோது அந்த பேட்ச்சும் கூடவே போகப் பார்த்தது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு இதைப் படிக்கிற சக பாவிகளே, உங்களுக்குப் புரியும்.

சிலிண்டர் செய்த வேலை

ஜிம்மில் எத்தனையோ எடை தூக்கியிருக்கிறேன், ஒன்றும் ஆனதில்லை. என்னைக் கவிழ்த்தது வீட்டு கேஸ் சிலிண்டர். வாசலில் இறக்கிவிட்டுப் போனதை, போனைத் தோளில் இடுக்கிப் பேசிக்கொண்டே ஒரு கையால் திருகி இழுத்தேன். இடுப்பில் சுருக்கென்றது, இடது கால் மரத்துப்போனது. டிஸ்க் பிதுங்கியிருக்கிறது, ஆபரேஷன் தேவையில்லை, ஆனால் பொறுமை தேவை என்றார் டாக்டர்.

பார்க்க வந்தவர்கள் ஒருவர் விடாமல், பொம்பளைக்கு எதற்கு எடை தூக்குகிற வேலை என்று கேட்டுவிட்டு, அம்மா போட்டுக் கொடுத்த காபியையும் குடித்துவிட்டுப் போனார்கள். சிலிண்டர் என்று சொன்னால் யாரும் நம்பவில்லை. ஜிம் முதலாளி ஆப்பிளோடு வந்தார். நான் நடந்ததைச் சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது. "சூப்பர்மா, எல்லார்கிட்டயும் சிலிண்டர்னே சொல்லு, பிசினஸுக்கு அதான் நல்லது" என்றார்.

அம்மாவின் வாக்கு

புத்தூருக்குப் பக்கத்தில் இருக்கும் வீட்டில் படுத்துக் கிடந்து, எழுந்து, தெருமுனை வரை நடக்க ஆரம்பித்தபோதுதான் அம்மா விஷயத்தை உடைத்தாள். நான் நடந்துவிட்டால், அலிபிரியிலிருந்து திருமலை வரை படிக்குப் படி நானே குனிந்து மஞ்சள் குங்குமம் வைத்துக்கொண்டு ஏறுவேன் என்று என் பேரில் வேண்டிக்கொண்டாளாம்.

பிசியோதெரபி பெண்ணிடம் கேட்டேன். நடக்கலாம், கொஞ்சம் கொஞ்சமாக ஏறவும் பழகலாம், ஆனால் இப்போதைக்குத் திரும்பத் திரும்பக் குனிவது கூடவே கூடாது என்றாள். முதுகோடு நிற்கிற வலியைப் பொறுத்துக்கொள்ளலாம், காலுக்கு இறங்கினால் அந்த இடத்திலேயே நிறுத்திவிட வேண்டும் என்பது அவள் போட்ட சட்டம். முதுகு குணமானதற்கு நன்றி சொல்லப் போய் அதே முதுகை உடைத்துக்கொண்டு வருவதை எந்தச் சாமி கேட்கும்? எனக்குக் கோபம் வந்தது. "வேண்டிக்கினது நீதானே, நீயே குனி" என்றேன். அம்மா அசரவில்லை. "வாய் என்னுதுதான்டி, பேரு உன்னுது ஆச்சே" என்றாள்.

புடவையில் ஒரு புது அட்மிஷன்

பேரை மாற்றிக்கொள்ளச் சாமிக்குத் தெரியும் என்று சொல்லி, மறுவாரமே அம்மாவை ஜிம்முக்கு இழுத்து வந்தேன். முதலாளி என்னை முன்மேஜையில் வருகிறவர்கள் பேரை எழுத உட்கார வைத்திருந்தார். காலை பேட்ச்சை ஒரு புதுப் பையன் பார்த்துக்கொண்டிருந்தான். நான் ஓர் ஓரத்தில் நாற்காலி போட்டு, அம்மாவை உட்கார்ந்து எழ வைத்தேன். இடுப்பை வளைக்காதே, முட்டியை மடக்கு, மூச்சைப் பிடிக்காதே என்று வாயால்தான் வேலை. பக்கத்தில் பாய் விரித்து என் முதுகுக்கான பயிற்சியை நானும் செய்தேன்.

குழந்தைகள் செய்கிற மாதிரி இருக்கிறதே என்று சிலர் சிரித்தார்கள். சிரிக்கட்டும், படுக்கையில் கிடந்தபோது இவர்களா என்னைப் புரட்டிப் போட்டார்கள்? பாகாலாவிலிருந்து ரயிலில் வரும் சுகுணாக்கா மட்டும் சிரிக்கவில்லை. ஓரமாக வந்து நின்று, "எனுக்கும் ஒரு நாற்காலி போடுமா, அந்தத் தம்பி சொல்றத செஞ்சிக்கினு இருந்தா ரயில்ல ஏற முடியல" என்றாள்.

காலி ராடு

நாற்காலிகள் கூடக் கூட முதலாளிக்குச் சங்கடம். ஒருநாள் எல்லோருக்கும் முன்னால், பழைய எடையைத் தூக்கிக் காட்டினால் பேட்ச் உனக்கு, இல்லையென்றால் தம்பிக்கு என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். தம்பி பிளேட்டுகளை மாட்டி வைத்தான்.

ஆசை இல்லாமல் இல்லை. அந்த ராடைப் பார்த்ததும் கை பரபரத்தது, தூக்கி அவர் வாயை அடைக்க வேண்டும் போல இருந்தது. பிளேட்டுகளைக் கழற்றிக் கீழே வைத்தேன். பிசியோ அனுமதித்தது காலி ராடு. அதைத்தான் தூக்கினேன், ஒழுங்காக. கொஞ்ச நேரத்தில் இடது தொடையில் லேசாகச் சுருக்கென்றதும் இறக்கி வைத்துவிட்டேன். இன்றைக்கு இவ்வளவுதான், பேட்ச்சை யாருக்கு வேண்டுமானாலும் கொடுங்கள் என்றேன். முதலாளி தம்பியைப் பார்த்தார். சுகுணாக்கா என் பக்கத்தில் வந்து நின்றாள். "தம்பி தூக்கச் சொல்றாரு, இவ எறக்கி வெக்கச் சொல்றா, நாங்க நடந்து வூட்டுக்குப் போவணும் சார், எங்களுக்கு இவளே போதும்" என்றாள்.

படிக்குப் படி

பேட்ச் திரும்பி வந்த பிறகு, பிசியோ தலையாட்டிய பிறகு, நாங்கள் மலையேறினோம். நான் குங்குமத் தட்டை ஏந்திக்கொண்டு நிமிர்ந்து நடந்தேன், களைத்த இடத்தில் உட்கார்ந்தேன், வெட்கப்படவில்லை. அம்மா ஒவ்வொரு படியிலும் முட்டியை மடக்கி உட்கார்ந்து பொட்டு வைத்து எழுந்தாள், நாற்காலியில் பழகிய அதே மாதிரி. வழியில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றவர்களுக்கெல்லாம் பாடம் வேறு எடுத்தாள்.

கடைசிப் படியில் பொட்டு வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். கோபுரம் இருந்த பக்கம் திரும்பிக் கும்பிட்டாள். "சாமி, இனிமே இவளுக்கு இன்னா ஆனாலும் ஒரே ஒரு தேங்காதான், இப்பவே சொல்லிட்டேன்" என்றாள்.

என் ராடில் பழைய எடை இன்னும் ஏறவில்லை. முதுகு சொல்லும்போது ஏறும், அதுவரை தயவுசெய்து யாரும் என் பேரில் வேண்டிக்கொள்ளாதீர்கள்.