அத்தை உயரத்துக்கு ஓர் அடுப்பு

எங்கள் வீட்டுக்குச் சொந்தக்காரர்கள் அதிகம். அப்பாவின் குணத்தாலோ அம்மாவின் உபசாரத்தாலோ அல்ல, குற்றாலத்து அருவியால். தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவே மேலகரத்தில் ஒரு வீடு இருந்துவிட்டால் போதும், ஆனி பிறந்ததும் சாத்தூர், கோவில்பட்டி, விளாத்திகுளம் என்று வெயிலில் வேகிற ஊர்க்காரர்கள் அத்தனை பேருக்கும் நம்மேல் பாசம் வந்துவிடும். "உங்களையெல்லாம் பாக்கணும்னு மனசு அடிச்சுக்கிட்டது" என்று சொல்லிக்கொண்டே வண்டியிலிருந்து இறங்குவார்கள். தலையில் எண்ணெய் வழிந்துகொண்டிருக்கும். சொந்த ஊரில் ஒரு கரண்டிச் சோற்றோடு எழுந்திருக்கிற மனுஷன்கூட அருவியில் நின்றுவிட்டு வந்தால் மூன்றாம் தடவை ரசம் கேட்பார். கேட்டுவிட்டு, மறுபடியும் குளிக்கக் கிளம்பிவிடுவார்.

இத்தனை பேருக்கும் பொங்கிப் போட்ட அடுக்களையில் ஒரு ஜன்னல் கிடையாது. குனிந்து நுழைகிற மாதிரி ஒரு வாசல், தரையோடு தரையாக அடுப்பு, மேலே ஓட்டில் பிசுபிசுவென்று தொங்குகிற கரி. பட்டப்பகலில் சிமினி விளக்கு ஏற்ற வேண்டும். சாரல் காலத்தில் விறகு ஈரமாகிவிட்டால் அங்கே புகையைத் தவிர வேறொன்றும் இருக்காது. நான் உள்ளே போனால் முதலில் இருமல் கேட்கும், அப்புறம்தான் அத்தை தெரிவாள்.

அத்தை அப்பாவுக்கு மூத்தவள். சுந்தரபாண்டியபுரத்தில் கட்டிக்கொடுத்தார்கள். கட்டினவர் சீக்கிரமே போய்ச் சேர்ந்தார். நான் பிறப்பதற்கு முன்னாலேயே வெள்ளைச் சேலையோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். அந்தச் சேலையும் வெள்ளையாக இருந்து நான் பார்த்ததில்லை. அந்த இருட்டில் கடுகு எங்கே, வெந்தயம் எங்கே என்று அவள் கைக்குத் தெரியும். எந்தக் குழம்புக்கு எவ்வளவு புளி என்பதில் வேறு யாரும் வாய் திறக்க முடியாது. அம்மா இடிப்பாள், அரைப்பாள், தண்ணீர் சுமப்பாள், காய் நறுக்கி வாசல்படியில் வைப்பாள். படிக்கு அந்தப் பக்கம் அத்தையுடையது. அப்படித்தான் நடந்து வந்தது, நன்றாகவும் நடந்தது.

ஒரு சீசனில், குற்றாலத்தில் பங்களா எடுத்துத் தங்கியிருந்த ஒரு தூரத்து உறவைப் பார்க்க அம்மா போயிருந்தாள். திரும்பி வந்ததிலிருந்து ஒரே பேச்சு. அங்கே அடுக்களையில் வெளிச்சம் கொட்டுகிறதாம். புகை ஓட்டுக்கு மேலே தன்னால் போய்விடுகிறதாம். எல்லாவற்றுக்கும் மேலாக, அடுப்பை மேடைமேல் வைத்து நின்றுகொண்டே சமைக்கிறார்களாம். மறு பங்குனியில், நம் வீட்டிலும் அப்படிச் செய்ய வேண்டும் என்று அப்பாவிடம் கேட்டேவிட்டாள்.

அப்பா தென்காசியில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கெழுதிக்கொண்டிருந்தார். வருமானத்துக்குத் தகுந்த மாதிரிதான் அவருக்குக் கோபமும் வரும், சின்னதாக. "நின்னுக்கிட்டுச் சமைக்கதுக்கு நம்ம வீடு என்ன கிளப்புக்கடையா?" என்றார்.

"மதினி இருமுதது உங்களுக்குக் கேக்கலையா? ஊதி ஊதிக் கண்ணு ரெண்டும் மொளகாப்பழமாக் கெடக்கு" என்றாள் அம்மா.

உள்ளேயிருந்து அத்தையின் குரல் வந்தது. "எனக்கு ஒரு கொள்ளையும் இல்ல. என்னைச் சாக்கா வச்சு யாரும் ஒண்ணும் கட்ட வேண்டாம்." சொல்லி முடித்ததும் இருமினாள். அந்த இருமலில் அப்பா இளகிவிட்டார்.

விஷயம் அதோடு நின்றிருந்தால் நல்லது. பக்கத்து வீட்டுச் சித்தி ஒருத்தி உண்டு, உறவு முறையெல்லாம் கிடையாது, அவளாக எடுத்துக்கொண்ட முறை. அவள் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அத்தையிடம், "இன்னைக்கு ஜன்னல் கேக்கா. நாளைக்குக் கரண்டியைக் கேப்பா. புது அடுக்களை வந்தா புது எஜமானி வராமலா இருப்பா?" என்று ஓதிவிட்டாள். அன்றைக்குக் குழம்பில் உப்பே இல்லை. அதை எடுத்துச் சொல்லவும் யாருக்கும் தைரியமில்லை.

அந்தச் சமயம் பார்த்து சுந்தரபாண்டியபுரத்திலிருந்து அத்தையின் கொழுந்தன் வந்து சேர்ந்தார். அண்ணன் செத்ததும் அத்தையை ஒரு செம்பைக்கூடக் கையில் கொடுக்காமல் அனுப்பிவைத்த மகாராசர். இப்போது அவருடைய மனைவி மறுபடியும் பிள்ளை பெற்றுப் படுத்திருந்தாள், வீட்டில் பொங்கிப்போட ஆள் இல்லை. "அது உங்க வீடுல்லா, உங்களுக்கு இல்லாத உரிமையா" என்று தேனாகப் பேசினார். அங்கே போனால் கொல்லைப்புறச் சாய்ப்பில் படுக்க வேண்டும், எல்லாரும் தின்றபின் மிஞ்சினால் தின்ன வேண்டும் என்று அத்தையே எனக்குச் சொல்லியிருக்கிறாள். அப்படிப்பட்டவள் அவரிடம், "அடுக்களை வேலை முடியட்டும். வண்டி கொண்டாங்க, வாரேன்" என்றாள்.

அப்பா மேல்துண்டை எடுத்து உதறினார், மறுபடியும் தோளில் போட்டுக்கொண்டார். அக்காவை எதிர்த்துப் பேசி அவருக்குப் பழக்கமில்லை. அம்மா ஏதாவது சொல்லுவாள் என்று பார்த்தேன். அவள் குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீருக்குப் போய்விட்டாள்.

எனக்கு அம்மாமேல் வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. அத்தை பக்கத்தில் படுத்தால்தான் எனக்குத் தூக்கம் வரும். பால்சட்டியின் அடியில் ஒட்டுகிற பாலேட்டை யாருக்கும் காட்டாமல் சுரண்டி எனக்கென்று வைத்திருப்பவள் அவள். ஒரு ஜன்னலுக்காக அவளை விரட்டுகிறாளே இந்த அம்மா என்று அழுகையாக வந்தது. பண்பொழி மலைமேல் இருக்கிற முருகனிடம், கொத்தனாருக்கு நல்ல காய்ச்சலாக வரவேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். கொத்தனார் மறுநாளே வெற்றிலையை மென்றுகொண்டு ஜம்மென்று வந்து நின்றார்.

வேலை தொடங்கியதும் எல்லாரையும்விட அப்பாவுக்குத்தான் உற்சாகம். குற்றாலத்தில் ஒரு பழைய பங்களாவை இடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, அங்கிருந்து சல்லிசாக ஒரு ஜன்னலைக் கொண்டுவந்தார். பச்சைக் கண்ணாடி போட்ட ஜன்னல், ஒரு கண்ணாடி உடைந்திருந்தது. அந்த இடத்தில் மண்ணெண்ணெய்த் தகரத்தை வெட்டி அடித்தார். அதே பங்களாவின் வாசற்படிக் கல் ஒன்றும் வண்டியில் வந்தது, மேடைக்கு மேலே போட. புகை போவதற்கு ஓட்டைப் பிரித்து, அடி உடைந்த பானை ஒன்றைப் பதித்தார்கள். புதிதாக வாங்கியது சுண்ணாம்பு ஒன்றுதான். அதுவும் அப்பா பேரம் பேசிய பேச்சில் பாதி விலைக்கு வந்தது.

ஜன்னலை மேற்கே வைத்தால் மலை தெரியுமே என்று அப்பா ஆசைப்பட்டார். "மலையா தெரியும்? சாரல்லா வந்து உலையில விழும். ஒலகத்துல எங்கன வேணும்னாலும் மேக்க வைங்க அண்ணாச்சி, இங்கன வைக்காதிய" என்று கொத்தனார் கிழக்குச் சுவரைக் காட்டிவிட்டார்.

மேடை விஷயத்தில் மட்டும் அவருக்கே திகைப்பு. மேலகரத்தில் அதற்குமுன் யாரும் கட்டியதில்லை. பங்களாவில் பார்த்திருக்கிறார், ஆனால் அங்கே சமைக்கிற பட்லர் வாசல் நிலை உயரத்துக்கு இருப்பானாம். யோசித்துவிட்டு, "இடுப்பளவுதான் கணக்கு. சமைக்கவுக வந்து நில்லுங்க, கோடு போட்டுக்கிடுதேன்" என்று வெளியே பார்த்துக் கூப்பிட்டார்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அப்பா வீட்டு ஆட்கள் எல்லாரும் நெட்டை. அத்தை வாசலில் நுழைகிற ஒவ்வொரு தடவையும் தலையைச் சாய்ப்பாள். அம்மாவோ அப்பாவின் நெஞ்சுக்குத்தான் இருப்பாள். கிணற்றில் வாளியை எட்டிப் பிடிக்கக் குதிகாலைத் தூக்குவாள்.

அம்மா முற்றத்தில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். கொத்தனார் கூப்பிட்டதும் எழுந்தாள். சாமான்களையெல்லாம் கூடத்தில்தான் ஒதுக்கியிருந்தோம். நேரே அங்கே போய், மாவுப் பானைக்குள் இரண்டு கையையும் விட்டாள். பிறகு கையைத் தூக்கிக் காட்டியபடி, "மதினி, என் கையெல்லாம் மாவா இருக்கு. நீங்க போயி நில்லுங்களேன்" என்றாள்.

"அளவு உனக்குல்லா வேணும்" என்றாள் அத்தை.

"எல்லாம் ஒண்ணுதான், போங்க. அவுகளுக்கு நேரமாகுது."

அத்தை வேண்டாவெறுப்பாகப் போய்ச் சுவரோரம் நின்றாள். கொத்தனார் மரியாதைக்குத் தள்ளி நின்றுகொண்டு, ஒரு கம்பை நீட்டிக் கரித்துண்டால் கோடு இழுத்தார். அளவு முடிந்தது. கீரை உருவுகிறவளுக்கு மாவில் என்ன வேலை என்று நான் ஒரு நிமிஷம் நினைத்தேன். அப்புறம் மறந்துவிட்டேன்.

வைகாசிக் கடைசியில் வேலை முடிந்தது. பூசின சுண்ணாம்பு வெள்ளையில் கிழக்கு வெளிச்சம் பட்டு, அடுக்களை வேறு யாருடைய வீட்டிலோ இருப்பதுபோல் இருந்தது. நல்ல நாள் பார்த்துப் பால் காய்ச்சினார்கள். அத்தைதான் காய்ச்ச வேண்டும் என்று அம்மா சொன்னாள். நான் எப்படி நல்ல காரியத்தில், என்று அத்தை ஒதுங்கினாள். "இத்தனை வருஷமா உங்க கையால தின்ன சோறு எங்களுக்கு ஒட்டாமலா போச்சு?" என்று கேட்டு, தீப்பெட்டியை அவள் கையில் வைத்துவிட்டாள் அம்மா. பக்கத்து வீட்டுச் சித்தி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இவ்வளவும் நடந்தும் அத்தை மூட்டையைக் கட்டிவைத்துவிட்டாள். சொன்ன சொல்லை மாற்றுகிற வழக்கம் அந்த வம்சத்திலேயே கிடையாது. ஆனி பிறந்தது, சாரலும் வந்தது, சாத்தூர்ச் சொந்தமும் வந்தது. அவர்கள் வந்த அதே காலையில் கொழுந்தனும் வண்டியைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார். அத்தை மூட்டையோடு கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். நான் அவள் சேலை முந்தியை விரலில் சுற்றிக்கொண்டு அழுதேன். அவள் என் தலையைத் தடவினாளே தவிர, போகமாட்டேன் என்று சொல்லவில்லை.

குற்றாலத்துக்குப் போன கூட்டம் பசியோடு திரும்புகிற நேரம். அம்மா முதல்தடவையாகத் தனியாக மேடைமுன் நின்றாள். அப்போதுதான் எல்லாருக்கும் விஷயம் தெரிந்தது. மேடை அவளுக்கு நெஞ்சுயரம். அதன்மேல் அடுப்பு, அடுப்புமேல் சோற்றுப்பானை. பானைக்குள் என்ன வேகிறது என்றுகூட அவளால் எட்டிப் பார்க்க முடியவில்லை. அப்பா தலையில் கையை வைத்துக்கொண்டார். கொத்தனாரை ஏசினார். பால் காய்ச்சின அடுப்பை இடித்துவிட்டுத் தணித்துக் கட்டலாமா என்று கேட்டார்.

"பால் காய்ச்சின அடுப்பை யாராவது இடிப்பாகளா?" என்றாள் அம்மா.

அப்படியானால் ஏறி நிற்க ஒரு பலகை செய்யச் சொல்கிறேன் என்றார்.

"பலகைமேல நின்னு வழுக்கி நெருப்புல விழவா?" என்று கேட்டுவிட்டு, நுனிக்காலில் நின்று, துணியைப் பிடித்துக் கொதிக்கிற பானையை இறக்கப் போனாள். பானை ஒரு பக்கம் சாய்ந்தது. கஞ்சி தளும்பி மேடையில் வழிந்தது.

அத்தை எப்போது எழுந்தாள், எப்போது உள்ளே போனாள் என்று நான் பார்க்கவில்லை. குரல்தான் கேட்டது. "ஏட்டி, தள்ளு. சோத்தைத் தலையிலயா வடிக்கப் போற?" துணியை அம்மா கையிலிருந்து பிடுங்கினாள். பானையை அலுங்காமல் தூக்கி வடிக்க வைத்தாள். சோற்றில் இரண்டு பருக்கையை எடுத்து நசுக்கிப் பார்த்தாள். "குழையவிட்டுட்டா" என்று முனகிக்கொண்டே குழம்புக்குப் புளியைக் கரைத்தாள். புகை ஓட்டில் பதித்த பானை வழியாக மேலே போய்க்கொண்டிருந்தது. அவள் இருமவில்லை. பச்சை வெளிச்சத்தில் அவள் முகத்தைப் பார்த்தேன். அத்தைக்குத் தாடைக்கு அடியில் ஒரு மச்சம் இருப்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

கொழுந்தனுக்கும் இலை போட்டார்கள். அவரும் மூன்று தடவை ரசம் வாங்கினார். கை கழுவியதும் அத்தை அவரிடம், "இங்கன பாருங்க, இவளுக்கு எட்டல. வீடு நெறைய ஆளு வேற. சீசன் முடியட்டும், பாக்கலாம்" என்றாள். வண்டி காலியாகத் திரும்பியது. சீசன் முடிந்தது, தீபாவளி வந்தது, பொங்கல் வந்தது. கொழுந்தன் எப்போது வந்து கேட்டாலும், இவளுக்கு எட்டவில்லையே என்ற பதிலையே அத்தை சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். ஊரும் விடவில்லை. குட்டச்சி கட்டின மேடை என்று எங்கள் தெருவில் அதற்குப் பேரே வந்துவிட்டது. பக்கத்து வீட்டுச் சித்தி அதைக் காட்டுவதற்கென்றே ஆட்களைக் கூட்டிவருவாள். அம்மாவும் அவர்களோடு சேர்ந்து சிரிப்பாள்.

அத்தை போகாததில் எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். ஆனாலும் அம்மாவை ஊரே கேலி செய்வது பொறுக்கவில்லை. ஒருநாள் அம்மா ஆட்டுரலில் அரைத்துக்கொண்டிருக்கையில் கேட்டேவிட்டேன். "அன்னைக்கு அளவெடுக்கும்போது நீ போயி நின்னிருக்கலாம்லா?"

அம்மா ஆட்டுவதை நிறுத்தாமல், "நின்னிருக்கலாம்ட்டி. எனக்கு எட்டியிருக்கும். அப்புறம்?" என்றாள்.

அப்புறமென்ன, நீயே சமைத்திருக்கலாம், இதுகூடத் தெரியவில்லையே என்று நினைத்தேன். அம்மாவுக்கு விவரம் பத்தாது என்று பக்கத்து வீட்டுச் சித்தி சொல்வதில் தப்பில்லை என்றும் தோன்றியது. பாவம், நம் அம்மாதானே என்று மனசுக்குள் அவளை மன்னித்துவிட்டு, பால்சட்டி காய்ந்துவிட்டதா என்று பார்க்க அத்தையிடம் ஓடினேன்.