எனக்கு மட்டும் அழித்தேன்

கைப்பேசியில் இரண்டு பொத்தான்களுக்கு வித்தியாசம் தெரியாத நான்தான், இருபது வருடமாகக் கண்டியில் பத்திரிகை நிருபர். முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன், பிறகு நீங்கள் திட்டும்போது அவ்வளவாக வலிக்காது.

போன மழைக்காலத்தில் ஒரு நண்பகல். பஸ் கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் ஊர்ந்துகொண்டிருந்தது. பன்வில பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கும் பெண்ணிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு.

"அண்ணே, லயத்துக்குப் பின்னால மலை வெடிச்சிருக்கு. தொரைகிட்ட சொன்னோம், வெளிய பேசக்கூடாதுன்னுட்டாரு. புள்ளைகள வச்சிக்கிட்டு எப்படிண்ணே இருக்கிறது?"

தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தின் மேல் மலை சரிந்துவிடுமோ என்ற பயம் அவருக்கு. தான் சொன்னது தெரிந்தால் வேலை போய்விடும் என்று தனியாக எழுதியும் இருந்தார்.

பதிவை ஆசிரியருக்கு அனுப்பினேன். அப்படித்தான் நினைத்தேன். பஸ் குலுங்கியதில் என் விரல் தொட்டது, செய்திக்காக நானும் சேர்ந்திருந்த அந்தத் தோட்டத்தின் மழைத் தகவல் குழுவை! அதில் தொழிலாளர்களும் உண்டு, தோட்டத்தை நிர்வகிக்கும் துரையும் உண்டு. பெயர் தெரியாவிட்டால் என்ன, குரல் தெரியுமே!

பதறியடித்து அழித்தேன். 'எல்லோருக்கும்' என்பதற்குப் பதிலாக 'எனக்கு மட்டும்' என்பதை அழுத்தித் தொலைத்தேன். அந்தக் குழுவில் அது கண்ணில் படாத ஒரே ஆள் இப்போது நான்.

துரை எழுதினார்: "யாருடைய குரல் இது?"

ஒரு குடும்பத்தின் சோற்றில் மண்ணைப் போட்டுவிட்டேனே!

அப்போது குழுவில் புதிதாக ஒரு குரல் பதிவு. "லயத்துக்குப் பின்னால மலை வெடிச்சிருக்கு..." அதே வார்த்தைகள், வேறு பெண். அடுத்து இருமலோடு ஒரு வயதான குரல். அடுத்ததில் ஒருத்திக்குச் சிரிப்பு வர, "சிரிக்காம சொல்லுடி!" என்று பக்கத்திலிருந்து அதட்டல். கொழுந்து நிறுக்கும் இடத்தில் கூடியிருந்த பெண்கள் எல்லோரும் வரிசையாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். பத்தொன்பது வரை எண்ணினேன். பிறகு எண்ணத் தோன்றவில்லை, வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டே இருந்தேன்.

முதல் குரல் அந்தக் கூட்டத்தில் கரைந்தே போனது. துரை மறுபடி கேட்கவில்லை.

தகவல் தருபவரைக் காப்பது எப்படி என்று புதிய நிருபர்களுக்கு வகுப்பெடுத்தவன் நான். அந்தப் பாடத்தை உண்மையில் படித்தது அன்று பஸ்ஸில்தான்; இன்றும் எதை அனுப்பினாலும், அந்தக் குரல்கள் காதில் கேட்ட பிறகே விரலை வைக்கிறேன்.

அந்தப் பெண்ணுக்கு ஒரு பக்கத்துக்கு மன்னிப்பு எழுதி அனுப்பினேன். பதில் உடனே வந்தது.

"அது கெடக்கட்டும்ணே, பேப்பர்ல எப்ப வரும்?"