ஓம் அத்தான், செய்திட்டன்

வெளிநாட்டில் நாங்கள் இருக்கிற கர்க்லாண்டில் அக்கா வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் இரண்டு தெருக்கள்தான். நடந்தால் ஐந்து நிமிடம். தூரத்தைச் சாட்டாகச் சொல்ல எனக்கு வழியில்லை என்பதற்காக இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அக்காவின் கணவரிடம், அதாவது என் அத்தானிடம், ஒரு கேம்பர் இருக்கிறது. காருக்குப் பின்னால் கொழுவி இழுத்துக்கொண்டு போகிற சின்ன வீடு. கட்டில், அடுப்பு, குழாய், கக்கூஸ் எல்லாம் உள்ளே. கோடையில் இருவரும் அதை ஏரிக்கரைகளுக்குக் கொண்டுபோவார்கள். குளிர் வருமுன் அதன் குழாய்களில் ஒரு சொட்டுத் தண்ணீர் நிற்கக் கூடாது. நின்றால் உறைந்து வீங்கிக் குழாயை வெடிக்க வைத்துவிடும். வருடா வருடம் அத்தானே அந்த வேலையைச் செய்வார், வேறு யாரையும் தொட விடமாட்டார்.

போன வருடம் நவம்பர் தொடக்கத்தில் அத்தானின் அம்மா யாழ்ப்பாணத்தில் காலமானார். இருவரும் அவசரமாகப் புறப்பட்டார்கள். செத்தவீட்டு அலுவல்களுக்கு நடுவிலிருந்து அத்தான் என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டார். முதலில் தண்ணீர்த் தாங்கியை வடியவிட வேண்டும், பிறகு சுடுதண்ணீர்த் தாங்கியை வடித்து அதன் வால்வை மூட வேண்டும், கடைசியில் ஆன்டிஃப்ரீஸ் என்கிற உறையாத ரோஸ் கலர் திரவத்தை ஒவ்வொரு குழாயிலும் அந்த நிறம் வரும்வரை பம்பால் ஓடவிட வேண்டும். ஆறுதலாக, ஒன்றுக்கு இரண்டு தரம் சொன்னார். நானும் ஓம் ஓம் என்றேன். டவுன்டவுனுக்கு வேலைக்குப் போய் வருகிறவளுக்கு வீட்டில் சோபாதான் சொர்க்கம். நாளைக்கு, நாளைக்கு என்று ஒரு கிழமை போனது.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச்செலவு அன்று அவர் மறுபடி தொலைபேசி எடுத்தார். பின்னால் ஆட்கள் கதைக்கிற சத்தம், சட்டிபானைச் சத்தம். அவர் குரல் அடைத்திருந்தது.

"பிள்ளை, கேம்பர் அலுவல் முடிஞ்சுதோ?"

"ஓம் அத்தான், எல்லாம் செய்திட்டன்."

தாயை எரித்துவிட்டு நிற்கிற மனிதரிடம் எப்படி இல்லை என்று சொல்வது என்று அப்போது எனக்கு நானே சமாதானம் சொன்னேன். அது இரக்கம் இல்லை. வேலை செய்யப் பஞ்சி, சோம்பல், ஏச்சுக்குப் பயம், அவ்வளவுதான். காலையில் போய்ச் செய்துவிட்டால் பொய் உண்மையாகிவிடும் என்று நினைத்தேன். அன்றிரவே குளிர் இறங்கி எல்லாம் இறுகிவிட்டது.

இரண்டு நாள் கழித்து வெயில் எறித்தபோது போனேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். இறுகிக் கிடந்த சுடுதண்ணீர்த் தாங்கியை விட்டுவிட்டுப் பம்பைப் போட்டதும் அடுப்புப் பக்கத்துக் குசினிக் குழாயில் ரோஸ் கலர் வந்தது. குனிந்து பார்த்தேன், கேம்பரின் அடியிலிருந்தும் வந்துகொண்டிருந்தது, பனியில் சொட்டுச் சொட்டாக. சப்பாத்தால் பனியைத் தள்ளி அதை மூடிவிட்டு வீட்டுக்கு வந்தேன். அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

மே மாதம் அத்தான் கேம்பரில் தண்ணீரைத் திறந்ததும் அது அலுமாரிக்குள் பாய்ந்தது. திருத்த வந்தவர் பார்த்துவிட்டு, ஆன்டிஃப்ரீஸ் ஊற்றியிருக்கிறது, ஆனால் சுடுதண்ணீர்த் தாங்கியை வடிக்கவில்லை போலிருக்கிறது என்றார். அத்தான் கொஞ்ச நேரம் யோசித்தார். பிழை தன்னுடையதாகத்தான் இருக்கும் என்றார். அம்மா போன நேரம் தலை நிற்கவில்லை, பிள்ளைக்கு அதைச் சொல்ல மறந்துபோனேன் என்று அக்காவிடம் சொன்னார். நான் பக்கத்தில் தேத்தண்ணிக் கோப்பையோடு நின்றேன்.

அத்தானின் அப்பா கடைசிக் காலத்தில் பெற்ற பிள்ளைகளையே மறந்தவர். அந்தப் பயம் அத்தானைப் பிடித்துக்கொண்டது. அடுப்பை அணைத்தேனா என்று மூன்று தரம் எழும்பிப் போவார். மருந்துக்கும் சாவிக்கும் துண்டு எழுதி ஒட்டினார். நெடுஞ்சாலையில் கார் ஓட்டுவதை விட்டார். அந்தக் கோடையில் ஏரியும் இல்லை, ஒன்றும் இல்லை. ஒக்டோபரில் அக்கா சொன்னாள், ஞாபக சக்தியைச் சோதிக்க டாக்டரிடம் நாள் எடுத்திருக்கிறாராம்.

அடுத்த சனிக்கிழமை போனேன். திருத்திய கேம்பருக்குப் பக்கத்தில் அத்தான் குளிருக்கு முந்திய வேலைகளை வரிசையாக எழுதிய ஒரு தாளோடு நின்றார். என்னை நானே நம்ப முடியவில்லை, நீ ஒவ்வொன்றாக வாசி, நான் செய்கிறேன் என்றார். முதல் வரியை வாசித்தேன். இரண்டாவது வரி, சுடுதண்ணீர்த் தாங்கி. அதன் கீழே சிவப்புப் பேனையால் இரண்டு கோடு போட்டிருந்தார். தாளை மடித்தேன்.

"அத்தான், அண்டைக்கும் நீங்கள் இதைச் சொன்னனீங்கள். ஒண்டும் மறக்கேல்லை. நான்தான் செய்யேல்லை. செய்யாமலே செய்திட்டன் எண்டு பொய் சொன்னனான்."

அவர் கேம்பர் படியில் குந்திவிட்டார். ஏசப்போகிறார் என்று நின்றேன். ஏசினால் நல்லது என்றும் இருந்தது.

"அப்ப நான் தாங்கியைச் சொன்னனானோ?"

"ஓம் அத்தான். ரெண்டு தரம்."

"வடிவாத் தெரியுமோ?"

"வடிவாத் தெரியும்."

இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. பிறகு எழும்பி, வீட்டுக் குசினி ஜன்னலைப் பார்த்து அக்காவைக் கூப்பிட்டார், பரீட்சையில் பாஸான பிள்ளையின் குரலில். நான் பொய் சொன்னதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஏச்சுக்குப் பயந்து மே மாதத்திலிருந்து ஐந்து மாதம் நான் விழுங்கி வைத்திருந்த அந்தச் சொல்லுக்காக, என் கையைப் பிடித்து நன்றி சொன்னார்.